சொல்லாமல் போய்ப் பார்க்க வேண்டிய இடங்கள்

கோடை விடுமுறைக்குக் கணியம்பாடி வந்திருந்த பேரன், தடித்த ஆங்கிலச் சித்திரக்கதைப் புத்தகம் ஒன்றை என் மேசைமேல் விட்டுவிட்டுக் கிரிக்கெட் ஆடப் போய்விட்டான். மாலைக் காப்பி வரும்வரை பொழுது போகட்டும் என்று கையில் எடுத்தேன். விளக்கு வைக்கும் நேரம்வரை கீழே வைக்கவில்லை. 1992-இல் வெளிவந்த பேட்மேன் கதை அது. பெயர் 'தி லாஸ்ட் ஆர்காம்'. எழுதியவர் ஆலன் கிராண்ட், வரைந்தவர் நார்ம் பிரேஃபோகிள். கோத்தம் நகரத்து மனநோயாளர் விடுதியான ஆர்காமில் அடைக்கப்பட்டிருக்கும் கொலைகாரன் ஒருவன், எப்படியோ வெளியே வந்து கொலை செய்துவிட்டு மீண்டும் அறைக்குத் திரும்பிவிடுகிறான் என்று பேட்மேனுக்குச் சந்தேகம். விடுதியின் இயக்குநரோ தம் கட்டடத்தின் காவலில் ஓட்டையே கிடையாது என்று நம்புகிறவர். உண்மையை அறிய வேறு வழியில்லாமல், பேட்மேன் தானே மனநோயாளியாக உள்ளே அடைக்கப்படுமாறு ஏற்பாடு செய்துகொள்கிறான்.

மனநோய் என்றாலே கொலைவெறி என்று காட்டும் பழைய பிழையை இந்தக் கதையும் செய்கிறது. மனநோயால் துன்புறுவோர் பிறரைத் தாக்குவதைவிடப் பிறரால் தாக்கப்படுவதே மிகுதி. அதைப் பேரனிடம் தனியாகச் சொன்னேன். என்னை நிறுத்தியது வேறொன்று. பூட்டிய கட்டடத்துக்குள் என்ன நடக்கிறது என்பதை வெளியே இருப்பவர் எவ்வாறு அறிவது? பொருளாதாரம் கற்பித்த எனக்கு இது பழகிய கேள்வி. விற்பவனுக்குத் தெரிந்தது வாங்குபவனுக்குத் தெரியாதபோது சந்தை எப்படிக் கெடுகிறது என்று ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதிக் காட்டியவன் நான். ஆனால் இந்தக் கேள்வி எனக்கு வகுப்பறையில் வந்ததன்று. எங்கள் குடும்பத்திலிருந்து வந்தது. அதைப் பின்னால் சொல்கிறேன்.

மாறுவேடம் நமக்குப் புதிதன்று. இரவில் நகர்சோதனை போன பொற்கைப் பாண்டியனின் கதை நமக்குத் தெரியும். கீரந்தை என்பவன் வெளியூர் போயிருந்த நாள்களில் அவன் மனைவிக்குக் காவலாக மன்னன் யாரும் அறியாமல் தெருவில் உலவினான். ஓரிரவு வீட்டுக்குள் பேச்சுக்குரல் கேட்டுக் கதவைத் தட்டினான். உள்ளே இருந்தவன் ஊர் திரும்பிய கணவனே. அந்தப் பெண்மீது பழி வந்துவிடக் கூடாதென்று தெருவிலுள்ள எல்லாக் கதவுகளையும் தட்டிவிட்டுப் போனான்; மறுநாள் தட்டிய கையைத் தானே வெட்டிக்கொண்டான். மறைந்து நின்று பார்ப்பவனால் பார்க்கப்படுபவருக்கு வரும் தீங்கை இந்தக் கதை அறிந்திருக்கிறது. பொற்கையிலிருந்து இரும்புக்கைக்கு வர நமக்கு நெடுங்காலம் பிடித்தது: 1972-இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் தொடங்கி இரும்புக்கை மாயாவி தமிழ் பேச ஆரம்பித்தபோது, பள்ளி மாணவனான நான் அதை எத்தனை முறை படித்தேன் என்பதற்குக் கணக்கில்லை. கண்ணுக்குத் தெரியாமல் உள்ளே நுழைந்து உண்மையைக் கொண்டுவருபவன்மேல் அந்த வயதில் வந்த மோகம் எளிதில் போவதில்லை.

அந்த வேலையைக் கற்பனையில் அல்லாமல் நேரில் செய்தவர் நெல்லி பிளை. 1887-இல் நியூயார்க்கின் 'தி வேர்ல்ட்' நாளிதழுக்காக அவர் புத்தி பேதலித்தவர்போல் நடித்தார். ஒரு தங்கும் விடுதியில் ஓரிரவு விழித்திருந்து விநோதமாகப் பேசியதே போதுமானதாக இருந்தது. நீதிபதியும் மருத்துவர்களும் அவரைப் பிளாக்வெல் தீவின் பெண்கள் விடுதிக்கு அனுப்பிவிட்டார்கள். உள்ளே சென்றதும் நடிப்பை நிறுத்திவிட்டு இயல்பாகவே பேசினார். யாரும் நம்பவில்லை. கெட்டுப்போன உணவு, குளிர்ந்த நீரில் குளியல், பணிப்பெண்களின் அடி ஆகியவற்றை அவர் எழுதியபோது நகரம் அதிர்ந்தது. விசாரணைக் குழு அமைக்கப்பட்டது. நிதி ஒதுக்கீடும் உயர்ந்தது. பலரும் மேற்கோள் காட்டாத ஒரு செய்தி அவருடைய நூலிலேயே இருக்கிறது. விசாரணைக் குழுவோடு அவர் அந்தத் தீவுக்குத் திரும்பிச் சென்றபோது இடம் துப்புரவாக்கப்பட்டிருந்தது. அவர் பெயர் குறிப்பிட்ட பெண்களில் சிலர் அங்கே இல்லை. வரப்போகிறார்கள் என்ற செய்தி அவர்களுக்கு முன்னே போய்ச் சேர்ந்துவிட்டது.

இன்னொன்றும் உண்டு. பத்து நாள்களில் நெல்லி பிளையை வெளியே எடுக்க நாளிதழின் வழக்கறிஞர் வந்தார். பக்கத்துக் கட்டிலில் இருந்த பெண்ணுக்கு அப்படி யாரும் வரவில்லை.

1973 ஜனவரியில் 'சயின்ஸ்' ஏட்டில் உளவியலாளர் டேவிட் ரோசன்ஹான் வெளியிட்ட கட்டுரையை நம் கல்லூரி மாணவர்களும் அறிவார்கள். நோயில்லாத எட்டுப் பேர், காதில் குரல் கேட்கிறது என்று மட்டும் சொல்லிப் பன்னிரண்டு மருத்துவமனைகளில் சேர்ந்தார்கள். பிறகு இயல்பாகவே நடந்துகொண்டார்கள். ஆனாலும் சராசரியாக 19 நாள்கள் உள்ளே வைக்கப்பட்டார்கள் என்றது கட்டுரை. அவர்களை நடிகர்கள் என்று மருத்துவர்கள் கண்டுபிடிக்கவில்லை. உடனிருந்த நோயாளிகள் பலர் கண்டுபிடித்துவிட்டார்களாம். நானும் இதை வகுப்பில் சுவையாகச் சொல்லியிருக்கிறேன். ஆனால் 2019-இல் சூசன்னா கஹாலன் என்ற இதழாளர் பழைய ஆவணங்களைத் தேடிப்போய், அந்த எட்டுப் பேரில் பெரும்பாலோரைக் கண்டறியவே முடியவில்லை என்றும், ரோசன்ஹான் தம்மைப் பற்றி எழுதியதே மருத்துவமனைக் குறிப்போடு பொருந்தவில்லை என்றும் ஒரு நூலில் காட்டினார். ஒற்றை ஆள் மறைந்து சென்று கொண்டுவரும் செய்தியில் உள்ள இடர் இதுதான்: அவருடைய கணக்கைத் தணிக்கை செய்ய எவரும் இல்லை.

இனி எங்கள் குடும்பக் கதைக்கு வருகிறேன். பெரியப்பாவின் மூத்த மகன் ஆம்பூரில் ஒரு டேனரியில் கணக்கெழுதிக்கொண்டிருந்தார். முத்துமுத்தான கையெழுத்து. முப்பது வயதைத் தாண்டியபோது, கணக்குப் புத்தகத்தின் ஓரங்களில் தம்மை வேவு பார்ப்பவர்களின் பெயர்களை எழுத ஆரம்பித்தார். தர்கா, கோயில், மந்திரிப்பவர் என்று ஓராண்டு கழிந்தபின், 1984-இல் வெளி மாவட்டத்தில் இருந்த ஒரு காப்பகத்தில் அவரைச் சேர்த்தார்கள். சேர்க்கும்போது கையெழுத்துப் போட்டவர்களில் நானும் ஒருவன். படித்தவன் என்பதால் என் கையெழுத்துக்குக் குடும்பத்தில் மதிப்பிருந்தது.

மாதத்தின் முதல் ஞாயிறு மட்டுமே பார்வை நாள். போகும்போதெல்லாம் அண்ணன் மழித்த முகத்தோடும், எண்ணெய் வைத்து வாரிய தலையோடும், மடிப்புக் கலையாத வேட்டியோடும் உட்கார்ந்திருப்பார். நலமாக இருப்பதாகச் சொல்வார். நாங்கள் கொண்டுபோன பழத்தையும் முறுக்கையும் பக்கத்தில் நிற்கும் பணியாள் வாங்கி வைத்துக்கொள்வார். ஏழு ஞாயிறுகள் இப்படிப் போயின. மடிப்புக் கலையாத வேட்டி எதைச் சொல்கிறது என்று எனக்கு ஒருமுறைகூடத் தோன்றவில்லை. இத்தனைக்கும் அப்போது நான் புள்ளியியல் பாடமும் நடத்திக்கொண்டிருந்தேன். முன்னறிவித்து எடுக்கும் மாதிரிக் கணக்கெடுப்பின் பிழை என்ன என்று கேட்டால் தூக்கத்திலும் பதில் சொல்லியிருப்பேன்.

எட்டாவது ஞாயிறு, பணியாள் தண்ணீர் எடுக்கத் திரும்பிய நேரத்தில் அண்ணன் என் கையைப் பிடித்து, "அடுத்த வாட்டி சொல்லாம வா தம்பி" என்றார்.

அடுத்த வாரம் ஒரு புதன்கிழமை விடுப்பெடுத்துக்கொண்டு போனேன். வாயிலில் முக்கால் மணி நேரம் நிற்க வைத்தார்கள். பின்பக்கமாக நான் சுற்றிப் போனபோது அண்ணன் சிமென்ட் தரையில் உட்கார்ந்திருந்தார். ஒரு கால் தாம்புக் கயிற்றால் சன்னல் கம்பியோடு கட்டப்பட்டிருந்தது. அருகில் அதேபோல் நான்கு பேர். அவர்களுடைய பெயர்களை நான் கேட்டுக்கொள்ளவில்லை. அண்ணனை மட்டும் அழைத்துக்கொண்டு கடைசிப் பேருந்தில் ஊர் திரும்பினேன். மாயாவியின் வேலையில் பாதியைச் செய்தேன். மீதிப் பாதியைச் செய்யவில்லை என்ற உறுத்தல் இன்றும் இருக்கிறது. அப்போது நாட்டில் நடைமுறையில் இருந்தது 1912-ஆம் ஆண்டின் 'பைத்தியச் சட்டம்'. யாரிடம் முறையிடுவது என்றுகூட எனக்குத் தெரியாது என்பதை ஒரு சமாதானமாகச் சொல்லிக்கொள்கிறேன்.

சொல்லாமல் போய்ப் பார்த்துவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று அந்த நாள்களில் நம்பினேன். அந்த நம்பிக்கையை உடைத்தது ஏர்வாடி. 2001 ஆகஸ்ட் 6 அதிகாலை, இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் கூரை வேய்ந்த ஒரு காப்பகத்தில் தீப்பிடித்தது. சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். இதில் மறைக்கப்பட்டிருந்தது என்ன? ஒன்றுமில்லை. தர்காவுக்குப் போகும் எவரும் அந்தச் சங்கிலிகளைப் பகல் வெளிச்சத்தில் பார்த்தார்கள். இத்தகைய இடங்கள் உரிமம் பெற வேண்டும் என்ற 1987-ஆம் ஆண்டுச் சட்டமும் அப்போது நடைமுறையில் இருந்தது. கொண்டுவர வேண்டிய இரகசியம் எதுவும் அங்கே இல்லாததால், எந்த மாயாவிக்கும் அங்கே வேலை இல்லை. உச்சநீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கெடுக்க 28 உயிர்கள் போக வேண்டியிருந்தது.

ஆல்பர்ட் ஹிர்ஷ்மன் என்ற பொருளாதார அறிஞர் 1970-இல் எழுதிய சிறிய நூல் ஒன்று இங்கே உதவுகிறது. ஓர் அமைப்பு கெடும்போது அதைத் திருத்த இரண்டு விசைகள் உண்டு என்றார் அவர்: வெளியேறுதல், குரல் எழுப்புதல். பிடிக்காத கடையை விட்டு அடுத்த கடைக்குப் போகிறோம்; பிடிக்காத ஊராட்சித் தலைவரைக் கிராமசபையில் கேள்வி கேட்கிறோம். பூட்டிய விடுதியில் இருப்பவருக்கு வெளியேறும் வழி கிடையாது. குரல் எழுப்பினால் அதுவே நோயின் அறிகுறி என்று குறித்துக்கொள்வார்கள். இரண்டும் இல்லாத வாடிக்கையாளர் வேறெந்தத் தொழிலிலும் இல்லை. கட்டணம் கட்டுபவர் ஒருவர், அனுபவிப்பவர் இன்னொருவர். கட்டுபவரோ மாதத்தில் ஒரு மணி நேரம் மட்டும் வருபவர். இந்த ஏற்பாட்டில் நல்ல மனிதர்கள் நடத்தினாலும் தரம் கீழே போகும்.

அப்படியானால் குரல் எங்கிருந்து வரும்? இந்தியாவில் இதற்கு ஒரு விடை அமிர்தசரஸில் கிடைத்தது. 1950-களில் அங்குள்ள அரசு மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யா சாகர், வளாகத்துக்குள் கூடாரங்கள் அடித்து நோயாளிகளின் குடும்பத்தாரையும் உடன் தங்கச் செய்தார். மேலை நாடுகள் நோயாளியைக் குடும்பத்திலிருந்து பிரித்து வைப்பதே மருத்துவம் என்று எண்ணியிருந்த காலம் அது. 1957-இல் வேலூர் சி.எம்.சி. பாகாயத்தில் தொடங்கிய மனநல மையமும் நோயாளியோடு உறவினர் ஒருவர் தங்குவதை வழக்கமாக்கியது. எங்கள் ஊரிலிருந்து சில கிலோமீட்டர் தொலைவுதான். இத்தனை அருகில் இருந்ததை விட்டுவிட்டு வெளி மாவட்டத்துக்கு ஏன் கொண்டுபோனோம் என்று கேட்பீர்கள். அருகில் என்பதனால்தான், ஊருக்குத் தெரிந்துவிடும் என்ற அச்சம்.

அண்ணனுடன் பெரியம்மா ஆறு வாரங்கள் அங்கே தங்கினார். எழுதப் படிக்கத் தெரியாதவர். எந்த மாத்திரை கொடுத்தால் அண்ணனுக்கு நாக்கு வறள்கிறது, எந்த இரவு தூங்கவில்லை, யார் அதட்டினார்கள், யார் அன்பாகப் பேசினார்கள் என்பதெல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. காலையில் மருத்துவர் வந்ததும் வரிசையாகச் சொல்லிவிடுவார். அவர் எந்த வேடமும் போடவில்லை. எல்லாரும் அறிய, கட்டிலுக்கு அருகே பாய் விரித்துப் படுத்திருந்தார்.

இதற்கு ஒரு விலை உண்டு. அதை எந்தக் கணக்கிலும் யாரும் எழுதவில்லை. பெரியம்மா பீடி சுற்றுபவர். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று கூலி. ஆறு வாரம் முறத்தைத் தொடாதவருக்கு ஆறு வாரம் கூலி இல்லை. இன்று இந்தப் பகுதியில் ஷூ கம்பெனிக்கு வேன் ஏறிப் போகும் பெண்ணுக்கும் இதே கணக்குத்தான்: மகனுடன் மருத்துவமனையில் தங்கினால் வருகைப் பதிவும் போகும், சில வேளை வேலையும் போகும். உடனிருப்பவரின் இழந்த கூலியையும் சிகிச்சைச் செலவாகக் கருதி அரசு ஈடுகட்ட வேண்டும் என்பது என் கருத்து. மனநோய்க்கும் மற்ற நோய்களைப் போலவே காப்பீடு தரப்பட வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்லிவிட்டது. பாயில் படுத்திருப்பவரைப் பற்றி அது எதுவும் சொல்லவில்லை.

குடும்பத்தை நான் புனிதப்படுத்தவில்லை. அதற்குக் கணியம்பாடியே தடை. சி.எம்.சி.யின் சமுதாய நலத் துறை எங்கள் ஒன்றியத்தில் பல பத்தாண்டுகளாக ஒவ்வொரு பிறப்பையும் இறப்பையும் பதிவு செய்துவருகிறது. இதைச் செய்பவர்கள் அந்தந்தக் கிராமத்திலேயே வாழும் சுகாதாரப் பணியாளர்களும், அவர்களுக்கு மேலே செவிலியர்களும் மருத்துவர்களும். ஒருவர் இறந்தால் வீட்டுக்குப் போய், உட்கார்ந்து, என்ன நடந்தது என்று கேட்டு, காரணத்தை முடிவு செய்கிறார்கள். இந்தக் கணக்கின் அடிப்படையில் 2003-இல் 'பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்' வெளியிட்ட ஆய்வு, 1994 முதல் 1999 வரை ஒன்றியத்தில் தற்கொலை விகிதம் லட்சத்துக்கு ஏறத்தாழ 95 என்றது. அந்த ஆண்டுகளில் நாட்டின் அதிகாரபூர்வ விகிதம் பத்து, பதினொன்று என்ற அளவிலேயே இருந்தது. மறு ஆண்டு 'லான்செட்' ஏட்டில் வந்த ஆய்வு இன்னும் கொடியது: 10 முதல் 19 வயதுக்குட்பட்ட ஆண்களில் லட்சத்துக்கு 58, பெண்களில் 148.

அந்தப் பத்தாண்டு முழுவதும் நான் இதே தெருக்கள் வழியாகக் கல்லூரிக்குப் போய்வந்தேன். அரசின் எண்ணை வைத்துத்தான் வகுப்பில் பேசினேன். வேறுபாட்டின் காரணம் விளங்காததன்று. தற்கொலை முயற்சி அப்போது குற்றம். சாவு என்றால் காவல் நிலையம், பிரேதப் பரிசோதனை, ஊர்ப்பேச்சு. எனவே வீடுகள் வேறு காரணம் சொல்லின. அந்தப் பூட்டைத் திறந்தவர்கள் மாறுவேடத்தில் வந்த யாரும் அல்லர். தடுப்பூசிக்கும் பிரசவத்துக்கும் பல்லாண்டுகளாக வந்துபோன, பெயர் சொல்லி அழைக்கப்பட்ட பெண்கள். அவர்களிடம் வீடுகள் உண்மையைச் சொல்லின. சொல்லப்பட்ட உண்மைகளில் பல, வீட்டுக்குள்ளேயே தோன்றிய துயரங்கள். உடனிருந்து காக்கும் குடும்பமும் உயிரைக் குறுக்கும் குடும்பமும் ஒரே கூரையின்கீழ் இருக்க முடியும். குடும்பமே கைவிட்டவர்களும் உண்டு; தெருவில் திரிந்த பெண்களுக்காகச் சென்னையில் 1993-இல் 'தி பான்யன்' தொடங்கப்பட்டது அதனால்தான்.

ஆகவே உறவினரின் பாய் மட்டும் போதாது. சட்டத்தின் கண்ணும் வேண்டும். 2018 மே மாதம் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம் நல்ல சட்டமே. எந்த வகையிலும் சங்கிலியிடுவதைத் தடை செய்கிறது. உள்ளிருப்பவர் பார்வையாளரைச் சந்திக்கவும் தொலைபேசியில் பேசவும் உரிமை தருகிறது. முறையிடும் உரிமையும் தருகிறது. தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருதித் தண்டனையிலிருந்து விலக்குகிறது. மன உளைச்சலில் இருப்பவர் யாரும் காசில்லாமல் அழைக்க 14416 என்ற டெலி-மானஸ் எண் 2022 முதல் தமிழிலும் பதில் சொல்கிறது. பதிவுபெற்ற ஒவ்வொரு மனநல நிறுவனமும் மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை தணிக்கை செய்யப்பட வேண்டும் என்றும் சட்டத்தில் இருக்கிறது. மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை என்பதைப் படிக்கும்போது எனக்கு அந்த மடிப்புக் கலையாத வேட்டி நினைவுக்கு வருகிறது.

ஆனால் அதே சட்டத்தில் அதிகம் பேசப்படாத ஒரு பிரிவும் இருக்கிறது. மாவட்டந்தோறும், அல்லது சில மாவட்டங்களைச் சேர்த்து, அமைக்கப்பட வேண்டிய மனநல மறுஆய்வு வாரியத்தில் நீதித்துறையினர், ஆட்சியரின் பிரதிநிதி, மருத்துவர்கள் ஆகியோரோடு இன்னும் இரண்டு உறுப்பினர்களுக்கு இடம் உண்டு. மனநோயால் பாதிக்கப்பட்டவர்களோ, அவர்களைப் பராமரிப்பவர்களோ, அவர்களுக்காக உழைக்கும் தொண்டு நிறுவனத்தாரோ அந்த இடத்துக்கு வரலாம். இந்த மூன்றாம் வகையினரைக் கொண்டே இரண்டு நாற்காலிகளையும் நிரப்பிவிடுவது நிர்வாகத்துக்கு எளிது. கூட்டத்துக்கு நேரத்தில் வருவார்கள், ஆங்கிலத்தில் குறிப்பெழுதுவார்கள். என் வேண்டுகோள் வேறு. ஒன்றிலாவது உள்ளே இருந்து மீண்ட ஒருவரை அமர்த்துங்கள். மற்றதில் பாயில் படுத்திருந்த ஒருவரை அமர்த்துங்கள். அவர்கள் பெயர்களை மாவட்ட இணையதளத்தில் வெளியிடுங்கள். எந்தக் கிழமையில், எந்த வாயில் வழியாக, யாரிடமும் சொல்லாமல் போக வேண்டும் என்பதை முடிவு செய்யும் அதிகாரத்தை அவர்களுக்குக் கொடுங்கள்.

அண்ணன் 2011-இல் காலமானார். இடையில் மூன்று முறை நோய் முற்றியது. மூன்று முறையும் பாகாயத்துக்குப் போய்த் திரும்பினார். மற்ற காலமெல்லாம் கணியம்பாடிக் கடைத்தெருவில் ஒரு மளிகைக் கடைக்குக் கணக்கெழுதினார். ஓரங்களில் எதுவும் எழுதவில்லை.